டென்ஷன் திருகைத் தொடும் முன்: பார்பிக்யூ ஏப்ரன் எம்ப்ராய்டரியில் வரும் கோளாறுகள்

அக்டோபர் பிறந்தால் குன்னூரில் எனக்கு ஏப்ரன் காலம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்கு மலையேறி வருகிறவர்களுக்காக எஸ்டேட் பங்களாக்களிலும் ஹோம்ஸ்டேக்களிலும் சாயங்காலம் கரி அடுப்பு மூட்டுவார்கள். அடுப்பருகே நிற்பவருக்கு ஓர் ஏப்ரன், ஊர் திரும்பும் விருந்தாளிக்குப் பரிசாக இன்னொன்று, கூடவே கைத்துண்டு, பிடிதுணி. நெருப்பு, கம்பியில் கோத்த கோழி, இடுக்கி, சோளக்கதிர், காளான் என்று டிசைன்களும் இந்த வட்டத்துக்குள்தான் வரும். துணி பெரும்பாலும் கனமான பருத்தி கேன்வாஸ். டிசைனும் துணியும் மாறாததால், வரும் கோளாறும் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டுதான்.

வேலை பழக வரும் பெண்கள் எது தப்பினாலும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “அக்கா, டென்ஷனை எந்தப் பக்கம் திருப்பணுங்க?” என்பதுதான். டென்ஷன் என்பது இயந்திரம் நூலைப் பிடித்து வைக்கும் இறுக்கம், அதைக் கூட்டிக் குறைப்பது ஒரு திருகு. அந்தத் திருகில் கை வைக்காதே, முதலில் தையலைப் பார் என்பேன். திருகைத் திருப்பிவிட்டால் பழைய கோளாறும் போகாது, புதிதாக இன்னொன்றும் சேரும். அப்புறம் எது எதனால் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

கீழே சொல்வதெல்லாம் ஃபைலில் உள்ள டிசைனைத் தானே தைக்கும் ஒற்றை ஊசி வீட்டு இயந்திரம், துணியை விறைப்பாகப் பிடிக்கும் 13க்கு 18 சென்டிமீட்டர் ஃப்ரேம், 40ஆம் எண் எம்ப்ராய்டரி நூல் ஆகியவற்றை வைத்துச் சொல்வது. எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று காரியம். அழுத்துகாலைத் தூக்கி வைத்து மேல்நூலை முழுவதும் உருவிவிட்டு மறுபடி கோத்துவிடுங்கள். ஊசியை மாற்றுங்கள், எட்டு மணி நேரம் தைத்த ஊசி பார்க்க நன்றாக இருந்தாலும் அதன் முனை மழுங்கியிருக்கும். அடிநூல் சுற்றிய பாபினை வெளியே எடுத்து, அந்தக் குழிக்குள் இருக்கும் பஞ்சுப் பிசிறைச் சின்ன பிரஷ்ஷால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளே போய் இரும்பில் உட்காரும். இந்த மூன்றுக்கும் ஐந்து நிமிடம் போதும். பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும். தீராததற்குத்தான் மற்றதெல்லாம்.

அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி திரள்கிறது

அடியில் திரள்வதால் எல்லாரும் பாபினைச் சந்தேகிப்பார்கள். அங்கே திரண்டிருக்கும் நூலின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு நெருப்பு தைக்கும்போது சிவப்பு நூல் திரண்டிருந்தால் குற்றம் மேல்நூலில்தான். அழுத்துகால் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு இடையில் போகாமல் மேலோடு ஓடும். பிடிமானம் இல்லாத நூல் மொத்தமாக அடியில் இறங்கிக் கூடு கட்டிவிடும். காலைத் தூக்கிக் கோத்தால் சரியாகிவிடும்.

கூட்டைப் பிய்க்கும்போது ஃப்ரேமை இழுக்காதீர்கள். ஃப்ரேமை லேசாகச் சாய்த்துத் தூக்கி, துணிக்கும் ஊசித்தட்டுக்கும் நடுவே கத்தரி முனையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். அவசரப்பட்டு இழுத்துக் கேன்வாஸில் ஓட்டை போட்ட ஏப்ரன் ஒன்றை என் வீட்டு அடுப்படியில் இன்னும் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேல்நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரே இடத்தில் அறுகிறதா, கண்ட இடத்தில் அறுகிறதா?

ஒரே இடத்தில் என்றால் டிசைனில் கோளாறு. பார்பிக்யூ டிசைனில் அந்த இடம் பெரும்பாலும் நெருப்பு நாக்கின் நுனியாகத்தான் இருக்கும். வரைபவர் நுனியை ஊசிபோல் கூராக்கியிருப்பார். சாட்டின் தையல், அதாவது இருபுறமும் மாறி மாறி நெருக்கமாக விழும் தையல், அந்த நுனிக்குப் போகப்போகக் குறுகி, அரை மில்லிமீட்டரைவிடச் சின்னத் தையல்கள் ஒரே துளையில் பத்துப் பதினைந்து தடவை விழும். அங்கே நூல் தேய்ந்து அறும், சில நேரம் துணியே கிழியும். டிசைனைத் திறந்து நுனியை ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு மழுக்குங்கள், அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த தையல்களை நீக்குங்கள். ஏப்ரனைக் கையில் வைத்துப் பார்ப்பவருக்கு நுனி கூராகவே தெரியும்.

கண்ட இடத்தில் அறுந்தால் ஊசி, நூல், நூல் வரும் வழி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கேன்வாஸுக்கு 75/11 ஊசி மெலிது. இறுக்கமான நெசவுக்குள் நுழைந்து வரும்போது நூல் உராயும். 90/14 போடுங்கள், துளை பெரிது. துணி நகராமல் தாங்க அடியில் வைக்கும் பேப்பரை ஒட்ட ஸ்ப்ரே பசை அடித்திருந்தால் ஊசியில் பிசின் படிந்திருக்கும், துடைத்துவிடுங்கள். நூல் கண்டின் விளிம்பில் வெட்டு இருந்தாலும் நூல் அதில் மாட்டும். விரலை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மழை மாதங்களில் மட்டும் அறுகிறதென்றால் நூல் ரேயானா என்று பாருங்கள். பாலியஸ்டர் காற்றிலிருந்து அரை சதவீத ஈரம்கூட இழுக்காது. பருத்தி ஏழெட்டு சதவீதம் இழுக்கும். ரேயான் அதையும் தாண்டி 11 முதல் 13 சதவீதம் வரை இழுக்கும், நனைந்த ரேயானோ தன் வலுவில் கிட்டத்தட்டப் பாதியை இழந்துவிடும். கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் ரேயான் கண்டு வாங்கித் தைப்பவர்களுக்கு அங்கே எந்தத் தொந்தரவும் இருக்காது. அதே கண்டு 1,850 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கும் ஊரில், ஜன்னலோரத் தட்டில் ஒரு வாரம் இருந்தால் தளர்ந்துபோகும். நூல் கண்டுகளை மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏப்ரனுக்கு நான் ரேயானே போடுவதில்லை. அடிக்கடி துவைபடும் துணிக்குப் பாலியஸ்டர்தான் தாங்கும்.

தீப்பொறிக்குத் தங்க ஜரி நூல் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். முடியும்: ஜரிக்கென்று விற்கும் 90/14 ஊசி, நிமிடத்துக்கு 400 தையலுக்கு மேல் போகாத வேகம், கண்டை இயந்திரத்திலிருந்து மூன்றடி தள்ளி வைத்தல். தள்ளி வைத்தால் வரும் வழியிலேயே நூலின் முறுக்கு பிரிந்துவிடும். ஆனாலும் ஏப்ரனுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். நாலு துவைப்பில் ஜரியின் மேற்பூச்சு உரியும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே நெருப்பு போதுமான அளவு எரியும்.

மேலே வெள்ளைப் புள்ளி, பாபின் நூல் எட்டிப் பார்க்கிறது

திருகைத் தொடக் காரணம் இருக்கும் ஒரே இடம் இது. அதையும் கடைசியில் தொடுங்கள். துணியைத் திருப்பிச் சாட்டின் கோட்டின் அடிப்பக்கம் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையும் இரண்டு ஓரங்களிலும் நிறநூலும் இருந்தால் டென்ஷன் சரி. அடியில் வெள்ளையே அகலமாகத் தெரிந்து மேலேயும் எட்டிப் பார்த்தால் மேல்நூல் அதிகமாக இழுக்கிறது, இல்லையென்றால் பாபின் தளர்ந்திருக்கிறது.

எது என்று தெரிய, பாபின் உட்காரும் கூட்டை, அதாவது பாபின் கேஸைக் கழற்றக்கூடிய இயந்திரமானால், கேஸை நூலில் தொங்கவிட்டு மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்குங்கள். இரண்டு மூன்று விரற்கடை இறங்கி நின்றால் பாபின் சரி. சரசரவென்று தரைக்குப் போனால் தளர்வு. கேஸின் தகட்டுக்கடியில் ஒரு துணுக்குப் பஞ்சு மாட்டியிருந்தாலும் இப்படித் தளரும். பழைய விசிட்டிங் கார்டின் மூலையை அந்த இடுக்கில் ஓட்டினால் வெளியே வந்துவிடும். அதன் பிறகும் வெள்ளை தெரிந்தால் மேல் டென்ஷனை அரை எண் குறைத்து, அதே கேன்வாஸ் துண்டில் தைத்துப் பார்த்து, மறுபடி அரை எண். கறுப்பு ஏப்ரனில் கறுப்பு எழுத்து என்றால் பாபினிலும் கறுப்பு நூலைச் சுற்றிவிடுவது மிச்ச நேரத்தைக் காப்பாற்றும்.

டிசைனைச் சுற்றித் துணி சுருங்கி அலை அலையாக நிற்கிறது

இது எப்போது வந்தது என்பதில்தான் பதில் இருக்கிறது. ஃப்ரேமில் இருக்கும்போதே சுருங்கினால் பேப்பர் போதவில்லை. ஃப்ரேமை விட்டு எடுத்ததும் சுருங்கினால் துணியை இழுத்து மாட்டியிருக்கிறீர்கள். முதல் துவைப்புக்குப் பின் சுருங்கினால் துவைக்காத துணியில் தைத்திருக்கிறீர்கள்.

முதலாவதற்கு: கேன்வாஸ் விறைப்பாக இருப்பதால் கிழிக்கும் பேப்பரே போதும் என்று தோன்றும். மெல்லிய எழுத்துக்குப் போதும். 10,000 தையலுக்கு மேல் போகும் நெருப்பு, கோழி மாதிரி உள்பக்கம் முழுவதும் தையல் நிறையும் நிரப்பல் டிசைனுக்கு வெட்டும் பேப்பர்தான், அதாவது கத்தரியால் ஓரம் வெட்டிவிட்டு மீதி துணியோடு தங்கும் ரகம். துவைக்கும்போதெல்லாம் அது உள்ளிருந்து தாங்கும்.

இரண்டாவதற்கு: ஃப்ரேமில் மாட்டிய பிறகு ஓரத்தைப் பிடித்து இழுக்கும் பழக்கத்தை விடுங்கள். இழுத்த துணி இழுத்த நிலையில் தைபடும், விடுபட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும், தையலோ திரும்பாது. ஃப்ரேமின் திருகைத் தளர்த்தி, பேப்பரையும் துணியையும் சேர்த்து மாட்டி, அந்தத் திருகை இறுக்கினால் துணி தானே விறைக்கும். அவ்வளவு போதும்.

மூன்றாவதற்கு: பருத்தி கேன்வாஸ் முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். ஓர் அடிக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர். பாலியஸ்டர் நூல் சுருங்காது. துணி சுருங்கி நூல் சுருங்காவிட்டால் நெருப்புப் படம் கொப்பளித்து நிற்கும். ஏப்ரனை வெட்டும் முன்னால் துணியைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். தைத்த ஏப்ரனை விலைக்கு வாங்கினால் அதையே ஒருமுறை அலசுங்கள். வாடிக்கையாளர் “புதுசு மடிப்பு போயிடும்ங்க” என்று சங்கடப்படுவார். எதற்காக என்று எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார்.

மலைக்கென்று நாலாவது காரணமும் உண்டு. மூடுபனி நாளில் துணி தொட்டால் காய்ந்ததாகவே தெரியும், ஆனால் ஈரம் குடித்திருக்கும். அதை அப்படியே மாட்டித் தைத்து, கடைசியில் சூடான இஸ்திரி போடும்போது ஈரம் போய்த் துணி இறுகும், டிசைன் ஓரம் அலை எழும்பும். அதனால் ஃப்ரேமில் மாட்டுவதற்குச் சற்று முன்புதான் நான் ஒவ்வொரு துணியையும் இஸ்திரி போடுகிறேன். முந்தின நாள் ராத்திரி போட்டு அடுக்கி வைத்தால் விடிவதற்குள் பனி பழையபடி ஏறிவிடும்.

வட்டமான அடுப்பு முட்டையாகிறது, கம்பிகள் வெளியே நீட்டுகின்றன

கோத்தகிரிச் சாலையில் ஒரு ஹோம்ஸ்டேக்குப் பன்னிரண்டு ஏப்ரன். டிசைன் எளிது: வட்டமான கரி அடுப்பு, அதன் மேல் ஏழு கம்பிக் கோடுகள், கீழே தணல். கணினியில் 9 சென்டிமீட்டர் சுத்த வட்டம். துணியில் அகலம் மூன்று மில்லிமீட்டர் குறைந்து, உயரம் கொஞ்சம் கூடி, முட்டையாக வந்தது. சுற்றிப் போட்ட கறுப்புக் கோடு மட்டும் வட்டமாகவே விழுந்து, நிரப்பலுக்கும் கோட்டுக்கும் நடுவே வெள்ளைத் துணி பிறை மாதிரி தெரிந்தது. மூன்று ஏப்ரன் வீணான பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

நடப்பது இதுதான். ஒவ்வொரு தையலும் தன் இரண்டு முனைகளையும் உள்ளே இழுக்கும். தையல் குறுக்காக ஓடினால் உருவம் குறுக்கே ஒடுங்கும். உள்ளே திணிக்கப்படும் நூலுக்கு இடம் வேண்டுமே, அது மேலும் கீழும் தள்ளும். அதனால் வட்டத்தைக் குறுக்குத் தையலால் நிரப்பினால் முட்டைதான் கிடைக்கும். கம்பிக் கோடுகளில் இதுவே தலைகீழாக நடக்கும்: கிடைக்கோட்டில் சாட்டின் தையல் மேலும் கீழுமாக ஓடுவதால் கோடு மெலியும், நீளும். நீண்ட முனைதான் வளையத்தை மீறி வெளியே வருகிறது.

ஆகவே பஞ்சிங் செய்யும்போதே, அதாவது படத்தைக் கணினியில் தையலாக மாற்றும்போதே, வட்டத்தை முட்டையாக வரைய வேண்டும், துணியில் வட்டமாக வருவதற்காக. மென்பொருளில் இழுப்பு ஈடு என்று ஓர் எண் இருக்கும், கேன்வாஸுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வைக்கிறேன். அதற்குமேல் போதாததைக் கையால் நகர்த்துகிறேன். கம்பி முனைகளை வளையத்துக்கு அரை மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்துகிறேன், தைக்கும்போது அவை தாமே நீண்டு வளையத்தைத் தொடும். நிரப்பலுக்கு அடித்தையல் கட்டாயம், அது மேல் தையலுக்குக் குறுக்கே ஓட வேண்டும். அடித்தையல்தான் துணியைப் பேப்பரோடு பிணைத்து வைக்கிறது. ஒரு பகுதியை நிரப்பியதும் அதன் கோட்டைத் தைத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். எல்லா நிரப்பலும் முடிந்து இருபது நிமிடம் கழித்துக் கோடு போட வந்தால் துணி அதற்குள் நகர்ந்திருக்கும். நிறம் மாற்றும் வேலை கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசைன் அட்டை மாதிரி விறைக்கிறது

பெரிய டிசைனைச் சிறிய ஃப்ரேமுக்காக இயந்திரத்திலேயே சுருக்கியிருப்பீர்கள். 18 சென்டிமீட்டரை 70 சதவீதமாக்கினால் 12.6 சென்டிமீட்டர். நீளம் குறைவது முப்பது சதவீதம்தான், ஆனால் பரப்பு 49 சதவீதமாகிறது. தையல்களை மறுபடி கணக்கிடாத இயந்திரம் அதே 12,000 தையலையும் பாதி இடத்தில் குத்தும். 0.4 மில்லிமீட்டர் இடைவெளி 0.28 ஆகும். விறைக்கும், நூல் அறும், ஊசி உடையும், எல்லாம் சேர்ந்து வரும். தையல் ஃபைலைப் பத்து சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம், அதற்குமேல் மூல வரைபடத்திலிருந்து புதிதாகப் பஞ்சிங் செய்ய வேண்டும். டிசைன் விலைக்கு வாங்கும்போது வேண்டிய அளவிலேயே கேட்டு வாங்குங்கள்.

தமிழ் எழுத்தில் புள்ளி காணோம், சுழி அடைந்துவிட்டது

ஆங்கில எழுத்து போட்ட பார்பிக்யூ ஏப்ரன் எங்கும் கிடைக்கும். தமிழில் பெயர் போட்டுக் கொடுத்தால்தான் நம்மிடம் வருபவர் முகம் மலர்கிறது. ஆனால் எம்ப்ராய்டரி மென்பொருள்கள் பல தமிழ் எழுத்தைச் சேர்த்து வைக்கத் தெரியாதவை. “கொ” என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி, நடுவில் புள்ளிகளாலான வட்டம் வந்து நிற்கும். மென்பொருளோடு சண்டை போடாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் தமிழை அடித்தால் சரியாகச் சேரும். அதை உருவரையாக மாற்றிவிட்டால் அப்புறம் அது எழுத்தில்லை, வெறும் வடிவம். அந்த வடிவத்துக்குத் தையல் கொடுக்கலாம். அதற்கான இங்க் ஸ்டிட்ச் என்ற துணைநிரல் இலவசம், பெரும்பாலான இயந்திரங்களின் ஃபைல் வகைகளில் சேமித்தும் தரும்.

இனி சுழி. 40ஆம் எண் நூலின் தடிமன் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். சாட்டின் கோடு ஒரு மில்லிமீட்டராவது அகலம் வேண்டும், சுழிக்குள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெற்றிடம் வேண்டும். மூன்று சுழி ‘ண’வில் இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எழுத்தின் உயரம் 12 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று தெரியும். ஆங்கிலத்துக்கு 6 மில்லிமீட்டர் போதும் என்று படித்துவிட்டு அதே அளவில் “மணி” என்று தைத்தால் இரண்டாம் எழுத்து நூல் கட்டியாகத்தான் நிற்கும். சிறிதாகத்தான் வேண்டும் என்றால் 60ஆம் எண் மெல்லிய நூலும் 65/9 ஊசியும் போட்டு 8 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். தடித்த ஃபான்ட் வேண்டாம். கோடு சீரான தடிமனில் ஓடும் எளிய ஃபான்ட்தான் துணிக்கு ஏற்றது.

புள்ளி தனிக் கவனம் கேட்கும். ஃபான்டில் இருக்கும் புள்ளி ஒரு மில்லிமீட்டராக இருந்தால் கேன்வாஸ் நெசவுக்குள் முங்கிவிடும். “சுக்கா” என்று கேட்டவருக்கு “சுககா” என்று போய்ச் சேரும். புள்ளியை இரண்டு மில்லிமீட்டராகப் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து அரை மில்லிமீட்டர் கூடுதலாக மேலே தூக்குங்கள். முதலில் அதே இடத்தில் சின்னதாக ஒரு சிலுவைத் தையல், அதன் மேல் சாட்டின். அப்போது புள்ளி குமிழ் மாதிரி எழுந்து நிற்கும். எல்லாப் புள்ளிகளையும் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள், துணி நகர்ந்து பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். எழுத்து முடிந்ததும் அதன் புள்ளி, பிறகு அடுத்த எழுத்து. நூல் வெட்டும் வேலை கூடும், பரவாயில்லை.

தையல் அப்பழுக்கில்லாமல் இருந்தும் ஏப்ரன் திரும்பி வந்ததுண்டு. வாட்ஸ்அப்பில் “கரி விருந்து” என்று அனுப்பினார்கள், அப்படியே தைத்தேன். கரி அடுப்பில் போடுவது. விருந்து வைப்பது கறி. பார்பிக்யூவில் இரண்டும் இருப்பதால் படிக்கும்போது எனக்கும் உறைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் போனில் வாசித்துக்காட்டி, இடையின ரவா வல்லின றவா, ண-வா ன-வா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் பஞ்சிங்.

ஓர வரிக்குத் தோடர் டிசைன் கேட்கிறார்கள்

இது இயந்திரக் கோளாறல்ல. ஆனால் நீலகிரியில் எம்ப்ராய்டரி என்று போர்டு வைத்தால் மாதம் ஒருமுறையாவது வரும் கேள்வி. நான் செய்வதில்லை. தோடர் பெண்கள் பழுப்பு கலந்த வெள்ளைப் பருத்தித் துணியில், படம் எதுவும் வரையாமல், ஊடும் பாவும் ஆகிய இழைகளைக் கண்ணால் எண்ணி, சிவப்பும் கறுப்பும் கோத்துக் கையால் செய்வது அது. இரண்டு பக்கமும் பார்க்கத் தகுந்ததாக இருக்கும். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இயந்திரத்தில் அடியில் பாபின் நூல் ஓடும்வரை அந்த இரண்டாம் பக்கம் வராது. வந்தாலும் அது அவர்கள் சொத்து. கேட்பவரிடம் இதைச் சொல்லி, அவர்களிடமே ஒரு துண்டு வாங்கி ஏப்ரனில் வைத்துத் தைத்துத் தருகிறேன் என்பேன். விலை கூடும். பலர் சம்மதிக்கிறார்கள்.

ஊசி உடைகிறது

ஏப்ரனின் மார்புப் பட்டி, பை விளிம்பு, மடிப்பு ஓரம் என்று நாலு அடுக்கு சேரும் இடத்தில் தைக்கிறீர்களா? டிசைனை மடிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளுங்கள். பையில் டிசைன் வேண்டுமானால் பையைத் தைத்து மாட்டும் முன்பே போட்டுவிடுங்கள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தேடுங்கள். பரிசுத் துணியில் ஒரு முனை தங்கிவிடக் கூடாது.

இயந்திரம் டிசைனைக் காட்டவில்லை, காட்டினாலும் நிறம் தப்பு

ஒவ்வொரு கம்பெனி இயந்திரத்துக்கும் ஒரு ஃபைல் வகை: பிரதருக்கு பி.இ.எஸ்., ஜானோமுக்கு ஜே.இ.எஃப். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கட்டும். ஃபைல் பெயரை ஆங்கிலத்தில் சின்னதாக வைத்து, எந்தப் ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வையுங்கள். ஃப்ரேமைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் சில இயந்திரங்கள் அந்த டிசைனையே மறைத்துவிடும். டி.எஸ்.டி. என்ற இன்னொரு வகை ஃபைலில் நிறமே பதிவாவதில்லை, எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். திரையில் நெருப்பு பச்சையாகத் தெரிந்தால் பயப்படாமல் வரிசையை ஒரு தாளில் எழுதி அதன்படி நூலை மாற்றுங்கள்.

கைத்துண்டில் தையல் மூழ்குகிறது, பிடிதுணி சுடுகிறது

டர்க்கி டவலின் வளையங்கள் தையலுக்கு நடுவே எழும்பும். மேலே தண்ணீரில் கரையும் ஷீட்டை விரித்துத் தைத்து, பிறகு நனைத்துவிடுங்கள். மெல்லிய கோடுகளை டவலில் தவிருங்கள், தடித்த உருவம்தான் நிற்கும்.

பிடிதுணியில் பஞ்சு வைத்துத் தைத்த பிறகு எம்ப்ராய்டரி போடக் கூடாது. தையல் பஞ்சை அழுத்திவிட்டால் அந்த இடத்தில் தடிமன் குறைந்து சூடு கைக்கு வரும். மேல்துணியில் முதலில் எம்ப்ராய்டரி, அப்புறம் பஞ்சு, அப்புறம் அடித்துணி. டிசைன் கையின் பின்புறம் வரட்டும், சட்டியைப் பிடிக்கும் உள்ளங்கைப் பக்கம் வேண்டாம்.

நடுவில் கரண்ட் போய்விட்டது

காற்றுக்கு மரம் சாய்ந்தால் இங்கே எப்போது கரண்ட் வரும் என்று சொல்ல முடியாது. ஃப்ரேமிலிருந்து துணியை எடுக்காதீர்கள், அது ஒன்றுதான் முக்கியம். நிறம் மாறும்போதெல்லாம் தையல் எண்ணை ஒரு தாளில் குறித்துவரும் பழக்கம் இருந்தால் நிலையை நினைவில் வைக்காத இயந்திரத்திலும் அந்த இடத்துக்குப் போய்விடலாம். நின்ற இடத்திலிருந்து பத்துத் தையல் பின்னால் போய்த் தொடங்குங்கள், இணைப்பு தெரியாது. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் எண்ணெய் இறுகி இயந்திரம் முனகும். பழைய துணித் துண்டில் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, சத்தம் சீரான பிறகு வாடிக்கையாளர் துணியை மாட்டுங்கள்.

உபயோகித்த ஏப்ரன் உருகியும் கருகியும் திரும்பி வருகிறது

பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகும். கனிந்த கரித்தணல் 500 டிகிரிக்கும் மேல். அதனால் பாலியஸ்டர் துணி ஏப்ரனைக் கரி அடுப்புக்கு நான் தைத்துக் கொடுப்பதே இல்லை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். உருகிய துணி தோலோடு ஒட்டும். பருத்தி கருகும், ஒட்டாது. நூல் பாலியஸ்டராக இருப்பதால் டிசைனை மார்புக்கு நேரே, மேல் விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே தொடங்கும்படி வைக்கிறேன். தொடைப் பக்கம், பொறி வந்து விழும் இடத்தில், ஒரு தையலும் வேண்டாம். இஸ்திரி எப்போதும் உள்பக்கத்தில், டிசைனின் கீழே ஒரு டவல் விரித்து.

பொறி பட்டு ஓட்டை விழுந்த ஏப்ரனைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கருகிய ஓரத்தைக் கத்தரித்துவிட்டு, உள்பக்கம் அதே கேன்வாஸில் ஒரு ஒட்டு வைத்து, மேலே ஓட்டையை மூடும் அளவுக்கு ஒரு சிவப்பு மிளகாய் தைத்துவிடுவேன். இந்த இடத்துக்கு மட்டும் பருத்தி எம்ப்ராய்டரி நூல், ஏனென்றால் அங்கே மறுபடியும் பொறி விழும். மூன்று வருடமாக ஒரே ஏப்ரனை அனுப்பிக்கொண்டிருக்கும் சமையல்கார அண்ணன் ஒருவருடையதில் இப்போது ஐந்து மிளகாய் இருக்கிறது.